ரீகால் முடிந்த வண்டியில் பெட்ரோல் நாற்றம்

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு ஆரம்பித்த விவகாரம், கார்த்திகைக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் முடிந்தது. கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. அதனால் நடுநடுவே குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்டுபிடித்தது அம்மா. விடியற்காலை கோலம் போட வாசலுக்கு வந்தவர் அங்கிருந்தே கத்தினார்: “ஏண்டா, வண்டிக்கு ஊத்துன பெட்ரோலைக் கீழ ஊத்திட்டியா? வாசப் பூரா நாறுது.” முந்தின நாள் ராத்திரிதான் கார் டேங்கை நிரப்பியிருந்தேன். பங்கில் ஆட்டோ கட் ஆகி, அதாவது டேங்க் நிறைந்ததும் குழாய் தானாக நின்ற பிறகும், அந்தப் பையன், “மூவாயிரமா ரவுண்டாக்கிடவாண்ணே?” என்று கேட்டு இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தான். மூடி ஓரம் சிந்தியிருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாளில் நாற்றமும் போய்விட்டது. அடுத்த தடவை நிரப்பியதும் திரும்பி வந்தது.

டேங்க் நிறைந்தால் நாறுகிறது, பாதிக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடுகிறது. பின்னால் நடந்த அத்தனை சண்டைக்கும் இந்த ஒரு வரிதான் மூலம். அன்றைக்கே இதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, சர்வீஸ் சென்டரில் வேலையைக் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டில் ஒட்டாமல் போனேனே என்று இப்போதும் வருத்தம்.

எங்கள் தெரு முனையில் ஷெட் வைத்திருக்கும் பாய்தான் எப்போதும் என் வண்டியைப் பார்ப்பவர். பின் சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த வட்டத் தகட்டைக் கழற்றினார். டேங்கிலிருந்து பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் ஃபியூல் பம்பின் தலை தெரிந்தது. அதைச் சுற்றி ஐந்து வருஷத்துத் தூசி. ஒரு பக்கம் சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடந்தது, மறுபக்கம் பிறை வடிவத்தில் கறுத்து ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். “ரிங்கு போயிருச்சு தம்பி. பம்பு உக்கார்ற எடத்துல இருக்குற ரப்பர். டேங்கு நெறஞ்சாத்தான் பெட்ரோல் அது வரைக்கும் வரும், அதான் மத்த நேரம் தெரியல.”

மாற்றித் தரச் சொன்னேன். அவர் கை வைக்கவில்லை. “உங்க மாடலைக் கம்பெனியே கூப்புட்டு ஃப்ரீயா மாத்துறாங்கன்னு கேள்வி. நான் தொட்டேன்னா அப்புறம் வெளிய பிரிச்சதுன்னு என்னையச் சொல்லித் தப்பிச்சிருவாய்ங்க. மொதல்ல அங்க போங்க.” ஆயிரம் ரூபாய் வருமானத்தை வேண்டாம் என்று சொன்ன மனிதர். மூன்று வாரம் கழித்துத்தான் அந்த யோசனையின் மதிப்பு எனக்குப் புரிந்தது.

பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம். மேலே பறந்து போய்விடாது, தரையோடு தவழும். எங்கள் போர்டிகோவில் வண்டியின் பின் சக்கரத்துக்கு நேராகத்தான் சம்ப் மோட்டாரின் சுவிட்ச் இருக்கிறது, அதுவும் போடும்போது பொறி தட்டுகிற பழைய சுவிட்ச். அதற்கு மேல் தீபாவளி வேறு. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருக்கோடிக் காலிமனையில் விட்டேன். தீபாவளி ராத்திரி எதிர்வீட்டுப் பையன்கள் ராக்கெட் விட்டபோது நான் பலகாரத் தட்டோடு அந்தக் காலிமனையில் காவல் நின்றேன்.

சரி, ரீகாலுக்கு வருகிறேன். கோளாறுள்ள மாடலைக் கம்பெனியே திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருவதுதான் ரீகால். கம்பெனி இணையதளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டால் வண்டிக்கு ரீகால் உண்டா இல்லையா என்று காட்டும். போட்டேன். ‘இல்லை’ என்றது. ஒரு வாரம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஆர்.சி.யை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, ஓர் இடத்தில் சைபருக்குப் பதிலாக ‘ஓ’ எழுத்தைத் தட்டியிருந்தது தெரிந்தது. சேசிஸ் நம்பர் மொத்தம் 17 இலக்கம். அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது, 1, 0 என்ற எண்களோடு குழம்பும் என்பதற்காகவே விலக்கி வைத்திருக்கிறார்கள். ‘ஓ’ மாதிரி எது தெரிந்தாலும் அது சைபர்தான். தப்பான நம்பர் என்று சொல்ல வேண்டிய அந்த இணையதளம் ‘ரீகால் இல்லை’ என்று சொன்னதை என்னவென்று சொல்ல! சரியாகப் போட்டதும் வந்தது: ஃபியூல் பம்ப் சீல், இலவச மாற்றம்.

எனக்கு ஏன் குறுஞ்செய்தி வரவில்லை? வண்டி நான் இரண்டாம் கையாக வாங்கியது. ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டாலும் கம்பெனிக் கணக்கில் பழைய உரிமையாளரின் நம்பர்தான் கிடந்தது. அவருக்கு ஃபோன் போட்டேன். “ஆமா தம்பி, மூணு மாசத்துக்கு முந்தி என்னமோ வந்துச்சு. சர்வீஸ் ஆஃபர்னு நெனச்சு அழிச்சுட்டேன்” என்றார். பழைய வண்டி வாங்கியவர்கள் பெயர் மாற்றத்தோடு நிறுத்தாமல், கஸ்டமர் கேரில் சொல்லி ஃபோன் நம்பரையும் மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

திண்டுக்கல் கிளையில் ரீகால் வேலை செய்வதில்லையாம், மதுரைக்குப் போகச் சொன்னார்கள். அறுபது கிலோமீட்டருக்கு மேல். ஃபோனில் பேசிய பெண் நான் ‘ரீகால்’ என்று சொல்லும்போதெல்லாம் “சர்வீஸ் கேம்பெயின் சார்” என்று திருத்தினார். ஊர்வலத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி ஒரு பெயர். கால் டேங்குக்கு மேல் பெட்ரோல் இருக்கக் கூடாது, பம்பைக் கழற்றும்போது வழியும் என்றும் சொன்னார். நியாயமான நிபந்தனைதான். ஆனால் கோளாறு தெரிவதே நிறைந்த டேங்கில்தான் என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

முதல் பயணம் வீண். அப்பாயின்ட்மென்ட் வாங்கி, லீவு போட்டு, காலை 9 மணிக்குப் போய் நின்றால், “பார்ட் இன்னும் டெப்போலருந்து வரல சார், வந்ததும் கால் பண்றோம்.” கால் வரவில்லை. நானே நான்கு தடவை கூப்பிட்டேன். அப்பாயின்ட்மென்ட் கொடுப்பவருக்கும் ஸ்டோரில் இருப்பவருக்கும் சம்பந்தமே இல்லை. கிளம்புவதற்கு முன்னால் “என் வண்டி நம்பருக்குப் பார்ட் எடுத்து வைத்தாயிற்றா?” என்று ஸ்டோரிலேயே கேட்டுவிடுவது உத்தமம்.

இரண்டாவது தடவை வேலை நடந்தது. ஒன்றரை மணி நேரம். பில்லைப் பார்த்தால் ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்று 590 ரூபாய். இலவச வேலைக்கு எதற்கு என்று கேட்டேன். “கிளீனிங் சார்” என்றார் வண்டியை வாங்கி வைத்து பில் போடும் சர்வீஸ் அட்வைசர். பம்பைக் கழற்றினால் துடைக்கத்தானே வேண்டும், அதற்கும் சேர்த்துத்தானே இலவசம் என்று இரண்டாவது தடவை கேட்டதும் பேசாமல் சைபர் பில் அடித்துக் கொடுத்தார். பக்கத்தில் அதே வேலைக்கு வந்திருந்த பெரியவர் ஏற்கனவே பணம் கட்டியிருந்தார். என் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு நேரே கவுண்டருக்குப் போனார். அவருக்கும் திரும்பக் கிடைத்தது. அன்றைய ஒரே சந்தோஷம் அது.

கம்ப்யூட்டரில் ரீகால் ‘முடிந்தது’ என்று ஏறிவிட்டது. நாலாம் நாள் டேங்கை நிரப்பினேன், ஆட்டோ கட்டோடு நிறுத்தச் சொல்லி. மறுநாள் காலை அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு திரும்பி உள்ளே வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். போய்ப் பார்த்தால் இந்தத் தடவை வெறும் நாற்றம் இல்லை, தரையில் ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஈரம். முன்பை விட மோசம்.

மூன்றாவது பயணத்தில்தான் நிஜமான அவமானம். அட்வைசர் திரையைக் காட்டினார். “கம்ப்ளீட்டட்னு இருக்கு சார். மறுபடி ஓப்பன் பண்ண முடியாது. பெய்ட் ஜாப்பாத்தான் போட முடியும்.” ஒழுகுகிறதே என்றேன். “எலி கடிச்சிருக்கும் சார்.” எலி பெட்ரோல் குழாயைக் கடிப்பதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் சீட்டைத் தூக்கிப் பார்க்காமலே எலி என்று முடிவு கட்டினால் எப்படி? தூக்கச் சொன்னேன். எலி இல்லை. உடனே எத்தனால் வந்தது. “இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் சார், உங்களது 2020 வண்டி, ரப்பர் தாங்காது.” பழைய ரப்பர் பாகங்களுக்கு எத்தனால் ஆகாது என்று நானும் படித்திருக்கிறேன். போன வாரம் நீங்களே மாட்டிய புது ரப்பருக்குமா ஆகாது? இதற்குப் பதில் இல்லை. டேங்கில் அன்றைக்குப் பாதிதான் இருந்ததால் ஈரத்தையும் காட்ட முடியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து சட்டம் தேடினேன். நம் நாட்டில் கம்பெனிகள் தாமாக முன்வந்து ரீகால் செய்வது ஒன்றும் புதிதல்ல. 2010-ல் மாருதியின் ஏ-ஸ்டார் கார்கள் ஏறக்குறைய ஒரு லட்சம், பெட்ரோல் கசிவுக்காகத்தான் திரும்ப அழைக்கப்பட்டன. 2014-ல் அதே மாருதியின் எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் மூன்றும் சேர்த்து 1,03,311 வண்டிகளுக்கு, பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாயை மாற்றினார்கள். ஆட்டோ கட்டுக்கு மேல் நிரப்பினால் கசியலாம் என்பதுதான் காரணம். (என் வண்டி இவற்றில் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்த பிறகு பங்கில் ‘ரவுண்டாக்க’ விடுவதே இல்லை.) 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள், அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும், கம்பெனிக்கு அபராதம் 10 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை. கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் ரீகால் செய்யாத கம்பெனியைப் பிடிக்க. செய்துவிட்டு, சரியாகச் செய்யாமல் ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டால் என் மாதிரி ஆளுக்கு அதில் பிடிமானம் கிடைக்கவில்லை.

எனக்குப் பிடிமானமாக இருந்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். புகார் எண் கொடுத்தார்கள். அந்த எண்ணோடு, தேதி தெரிகிற மாதிரி எடுத்த நான்கு படங்கள், இரண்டு ஜாப் கார்டு நகல், சைபர் பில் எல்லாம் சேர்த்துக் கம்பெனிக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினேன். படம் எடுக்க பாய் சொன்ன உபாயம் இது: டேங்கை நிரப்பி, வண்டியைத் திறந்தவெளியில் சரிவில் நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பம்பின் தலையைச் சுற்றி வெள்ளை டிஷ்யூ பேப்பரை வளையமாக வைக்க வேண்டும். காலையில் எந்தப் பக்கம் கசிகிறது என்று பேப்பரே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாம் நாள் ஃபோன் வந்தது. குரலில் தேன். “வண்டிய மதுரைக்குக் கொண்டு வந்துருங்க சார், நாங்க பாத்துக்குறோம்.” நான் சொன்னேன்: “டேங்க் நெறைய பெட்ரோலோட ஒழுகுற வண்டிய நாலுவழிச் சாலையில ஓட்டிட்டு வரச் சொல்றீங்கன்னு ஒரு வரி மெயில் போட்ருங்க, உடனே கெளம்புறேன்.” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மறுநாள் காலை ஏழரைக்கு, எங்கள் தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையில் நின்றது கம்பெனி அனுப்பிய லாரி. வண்டி அதன் மேல் ஏறிப் போனதை எதிர்வீட்டுப் பையன்கள் தேர் மாதிரி வேடிக்கை பார்த்தார்கள்.

இந்தத் தடவை வொர்க்ஸ் மேனேஜரே பக்கத்தில் நின்று பிரிக்க வைத்தார். போன தடவை மாட்டிய ரிங் ஓர் இடத்தில் முறுக்கிக்கொண்டு, பள்ளத்தில் சரியாக உட்காராமல் நசுங்கியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். கால் டேங்கில் மாட்டி, கால் டேங்கிலேயே ஓட்டிப் பார்த்து, ‘சரி’ என்று எழுதிவிட்டார்கள். புது ரிங் போட்ட பிறகு, டேங்கை நிரப்பி ஒரு ராத்திரி சரிவில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் தர வேண்டும் என்றேன். அதை ஜாப் கார்டிலும் எழுதச் சொன்னேன். அட்வைசர் தயங்கினார், மேனேஜர் எழுதச் சொன்னார். எழுதிய வாசகம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. கழற்றிய பழைய ரிங்கைத் தரவில்லை, கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமாம். ஃபோனில் படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வண்டி வந்ததும் நிரப்பிக்கொண்டு சிறுமலை ஏறினேன். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. மேலே போய் பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தால் டிஷ்யூ பேப்பர் வைத்த மாதிரியே வெள்ளையாக இருந்தது. பாய்க்குப் படம் அனுப்பினேன், கட்டைவிரலைக் காட்டி ஒரு பொம்மை அனுப்பினார்.

அடுத்த நாளே கஸ்டமர் கேரிலிருந்து அழைப்பு. “சர்வீஸ் எப்படி இருந்துச்சு சார்? பத்துக்குப் பத்து குடுத்துருங்க சார், இல்லன்னா எங்களுக்கு இன்சென்டிவ் கட்டாகும்.” எத்தனையாவது பயணத்துக்கு மார்க் கேட்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அவர் பாவம், வைத்துவிட்டேன்.

கார்த்திகையன்று சாயங்காலம் அம்மா அகல் விளக்குத் தட்டோடு வாசலுக்கு வந்தார். எல்லாம் சரியாகிவிட்டது, மலை ஏறிக்கூடப் பார்த்தாயிற்று என்று விளக்கமாகச் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார். “அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல வண்டிய எடுத்து வெளிய விடு, வெளக்கு வைக்கணும்.” சாவியை எடுத்துக்கொண்டு காலிமனைக்குப் போனேன்.