ரியல் எஸ்டேட்டில் இறங்கலாமா? கிருஷ்ணகிரியில் எட்டு மாத அலைச்சல்

ராயக்கோட்டை ரோட்டில் இருக்கும் அந்த நிலம் ஆவணி மாதம் கிரையம் ஆகிவிட்டது. கமிஷனைப் பிரித்துக்கொண்டவர்கள் ஐந்து பேர். அதில் நான் இல்லை. அந்த நிலத்துக்காக மூன்று முறை பஸ் ஏறி, ஐம்பது வருடத்துக்கு முந்தைய பத்திரத்தைத் தேடி எடுத்தது நான்தான். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இந்தத் தொழிலில் இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற யாருக்காவது உபயோகப்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் காவேரிப்பட்டினம். கிருஷ்ணகிரியில் ஒரு பத்திர எழுத்தரிடம் ஒன்பது வருடம் டைப்பிங் வேலை பார்த்தேன். கிரையம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, பவர் என்று தினமும் நாலைந்து பத்திரமாவது கை வழியாகப் போகும். போன மார்கழியில் அவர் உடம்புக்கு முடியாமல் அலுவலகத்தை மூடிவிட்டார். வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை. ஒரு சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பது கஷ்டம். எங்கள் பெரியம்மா மகன் பத்து வருடமாக மீடியேட்டராக, அதாவது நிலத் தரகராக இருக்கிறார். "பத்திரம் பத்தி உனக்குத் தெரியாததா? நீ ரியல் எஸ்டேட் பண்ணும்மா" என்றார் அண்ணன். தையில் ஆரம்பித்து ஆடி முடிய பார்ப்பது, அதற்குள் ஒரு முடிவுக்கு வருவது என்று வீட்டில் பேசிக்கொண்டோம்.

முதலில் போனது ஒரு லேஅவுட் கம்பெனிக்கு. அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது, விற்கும் மனைக்கு இன்சென்டிவ். அதுகூடப் பரவாயில்லை என்று இருந்தேன். நாலாவது நாள், இன்னும் கல் நடாத ஒரு இடத்தைக் காட்டி, "ப்ரீ லாஞ்ச், உங்க சொந்தக்காரங்க பத்து பேர்கிட்ட புக்கிங் வாங்குங்க" என்றார்கள். ரெரா எண் கேட்டேன், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டத்தைப் பதிவு செய்த எண். "அப்ளை பண்ணியாச்சு, ஒரு வாரத்துல வந்துடும்" என்றார் மேனேஜர். அந்த மனைப்பிரிவு நாலு ஏக்கருக்கு மேல். 500 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டாலே, பதிவு எண் கைக்கு வருமுன் விளம்பரமும் செய்யக்கூடாது, புக்கிங்கும் வாங்கக்கூடாது என்பது 2016 சட்டம். கம்பெனி மட்டும் மாட்டுவதில்லை. பதிவாகாத திட்டத்தை விற்றுக்கொடுக்கும் ஏஜெண்டுக்கும், ஏஜெண்டாகவே பதிவு செய்யாமல் விற்பவருக்கும் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மனை விலையில் 5 சதவீதம் வரை அபராதம் ஏறும். சொந்தக்காரர்களிடம்தான் முதலில் வாங்கச் சொல்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் கம்பெனி வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள், நம் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். ஐந்தாவது நாள் நான் போகவில்லை.

அப்புறம் அண்ணனோடு சேர்ந்து நிலம் காட்டப் போனேன். மாசியும் பங்குனியும் அப்படியே போனது. 2024 ஜூன் 27 அன்று ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்ததிலிருந்து, எந்த ஊர் என்று தெரிவதற்கு முன்பே சூளகிரி பக்கம், பாகலூர் பக்கம், பேரிகை பக்கம் எல்லா நிலமும் ஏர்போர்ட் நிலம் ஆகிவிட்டது. ஒரே சர்வே எண்ணை இரண்டு மீடியேட்டர்கள் இரண்டு திசையில் ஏர்போர்ட் காட்டி விற்றதை நான் நேரில் பார்த்தேன். ரொம்பப் பக்கத்தில் இருக்கும் நிலத்தை அரசே எடுத்துக்கொள்ளலாம் என்பதை வாங்க வருகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை. நான் ஒரு பார்ட்டியிடம் சொன்னேன். அவர் அதோடு வரவில்லை. அண்ணன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

இப்போது அந்த ராயக்கோட்டை ரோடு நிலத்துக்கு வருகிறேன். 1 ஏக்கர் 20 செண்ட். வாங்க வந்தது பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி, கூடவே அந்தத் தம்பியின் அப்பா. விற்பவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். இடையில் எங்களோடு சேர்த்து ஆறு மீடியேட்டர். செண்ட் 80,000 என்று முடிவாகி, மொத்தம் 96 லட்சம். வாங்குபவர் பக்கம் 2 சதவீதம் என்றால் 1,92,000. ஆறாகப் பிரித்தால் எனக்கு 32,000. நாலு மாதத்தில் முதல் வருமானம் அதுதான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், பிள்ளைகளின் ஸ்கூல் பீஸுக்கு.

பட்டா இரண்டு பேர் பெயரிலும் கூட்டாக இருந்தது. எண்பதுகளில் யு.டி.ஆர். சர்வே, அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த சர்வே, நடந்தபோது ஏறிய பெயர். ஆன்லைனில் 1975 முதல் ஈ.சி. (நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று) போட்டால் ஒரு பதிவும் இல்லை, சுத்தமாக வந்தது. "பூர்வீகச் சொத்து, தாய்ப்பத்திரமே கிடையாது" என்றார்கள், முன்பு வாங்கியதற்கான மூலப் பத்திரமே இல்லை என்று. எல்லோருக்கும் திருப்தி. நான் மட்டும், பாதைக்காக அவர்கள் கொடுத்திருந்த பக்கத்து நிலத்துப் பத்திர ஜெராக்ஸைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில், நம் நிலம் இருக்கும் திசையில், இவர்களுடைய அப்பா பெயரைப் போட்டு "கிரையம் பெற்ற நிலத்துக்கு மேற்கு" என்று எழுதியிருந்தது.

கிரையம் பெற்றது என்றால் பூர்வீகம் இல்லை. அப்பா சொந்தமாக வாங்கியது. அவர் 1996இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். விசாரித்தால் ஒரு அக்காவும் இருக்கிறார், ஆனேக்கல் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்டவுடன் ஒரு மூத்த மீடியேட்டர், "அந்தம்மாவுக்கு 84லயே கல்யாணம் ஆயிடுச்சு. 89க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குப் பங்கு கிடையாது" என்றார். நம் பக்கம் எல்லோரும் சொல்லும் வசனம் இது. தமிழ்நாட்டின் 1989 திருத்தம் பேசியது கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தைப் பற்றி. அதிலும் 2005இல் மத்தியச் சட்டம் மாறி, மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை வந்துவிட்டது. அப்பா தன் பெயரில் வாங்கிய சொத்துக்கு இந்த இரண்டும் வேண்டியதே இல்லை. உயில் இல்லாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956 வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. கல்யாணம் எந்த வருடம் என்ற கேள்விக்கே இடம் இல்லை. அதாவது இந்த இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் மூன்றில் இரண்டு பங்குதான் கைமாறும்.

"நீ யார் பக்கம்மா?" என்று கேட்டார் அந்த மூத்த மீடியேட்டர். பத்திரத்தைக் கண்ணில் காட்டாமல் நான் சொல்வதை யாரும் நம்பப் போவதில்லை என்று புரிந்தது. ஆன்லைனில் 1975 முதல் ஒன்றும் இல்லை என்றால் அப்பா வாங்கியது அதற்கு முன்புதான் இருக்க வேண்டும். அந்தப் பழைய பத்திரத்தைத் தேடக் கிளம்பினேன்.

முதலில் போன சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்த எழுத்தர் மனுவைக் கையில்கூட வாங்கவில்லை. "1975க்கு முன்னாடி அந்தக் கிராமம் எங்க லிமிட்ல இல்ல." அப்போது எந்த அலுவலகத்தில் இருந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் அங்க போய்க் கேளுங்க." எங்கே போய் என்று அவர் சொல்லவே இல்லை. வெளியே பழைய பத்திர எழுத்தர் ஒருவர்தான் சொன்னார். வேறு ஊர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அடுத்த வாரம் அங்கே போனால், "சர்வே நம்பர் எழுதியிருக்கீங்களே, இது யு.டி.ஆருக்கு அப்புறம் வந்த நம்பர். பழைய நம்பர் இல்லாம எந்தப் புக்குல தேடுறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்பது வருடம் பத்திர அலுவலகத்தில் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை. புதிய பத்திரம் டைப் செய்கிறவர்களுக்குப் பழைய சர்வே எண் எதற்கும் தேவைப்பட்டதில்லை.

யாராவது பழைய வில்லங்கம் தேடப் போவதாக இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதலில் வி.ஏ.ஓ.விடம் போய் அ பதிவேட்டைப் பாருங்கள். அதில் புதிய புல எண்ணுக்கு எதிரே பழைய எண் இருக்கும். எங்கள் வி.ஏ.ஓ. பத்தே நிமிடத்தில் எடுத்துக் காட்டினார். கிராமம் அந்தக் காலத்தில் எந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தது என்பதையும் பஸ் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மாவட்டமே இங்கே இரண்டு முறை பிரிந்திருக்கிறது. 1965 வரை சேலம், 2004 வரை தருமபுரி, அதற்குப் பிறகுதான் கிருஷ்ணகிரி.

மூன்றாவது தடவை பழைய எண்ணோடு போய், தேடுதல் கட்டணம் கட்டி உட்கார்ந்தேன். மதியத்துக்குள் கிடைத்துவிட்டது. 1971ஆம் வருடக் கிரையம். அப்பா ஒருவர் பெயரில்தான் வாங்கியிருந்தார். நகலைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நின்று வீட்டுக்காரருக்கு போன் செய்து அதை முதலிலிருந்து கடைசி வரை படித்துக் காட்டினேன்.

அந்த நகலை அண்ணனுக்கும் வாங்குகிற தம்பியின் அப்பாவுக்கும் கொடுத்தேன். அன்று சாயங்காலமே எனக்கு நாலு போன். "பார்ட்டியை ஓட்டிட்டியே" என்று ஒருவர். "பொம்பளையை ஃபீல்டுக்குள்ள விட்டா இப்படித்தான்" என்று இன்னொருவர். அந்தப் பேச்சுக்கு அண்ணனாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சித்திரை கடைசியில் ஆனேக்கல் போய் அந்த அக்காவையும் பார்த்தேன். அறுபதைத் தாண்டியவர். மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேட்டிருந்தா வந்து கையெழுத்துப் போட்டிருப்பேனே. யாரும் கூப்பிடலையே" என்றார். பங்கு வேண்டும் என்றுகூட அவர் சொல்லவில்லை. உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது, தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதைச் சொல்ல ஒரு தரகருக்கு வேலை இல்லை என்று இன்றும் அண்ணன் சொல்கிறார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. வைகாசி, ஆனி போய் ஆடி வந்தது. ஆடியில் பத்திரப்பதிவு படுத்துவிடும், ஆடிப்பெருக்கு மாதிரி ஓரிரு நாளில்தான் கூட்டம். ஆவணியில் ஒரு நாள் சும்மா அந்தச் சர்வே எண்ணுக்கு ஈ.சி. போட்டுப் பார்த்தேன். கிரையம் ஏறியிருந்தது. எழுதிக்கொடுத்தவர்கள் மூன்று பேர். மூன்றாவது பெயர் அந்த அக்காவுடையது. அவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் பெயர் இருக்கிறது. கமிஷன் வராத வருத்தம் ஒரு பக்கம், இந்தச் சந்தோஷம் ஒரு பக்கம். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

தையிலிருந்து பெட்ரோல், பஸ், ஜெராக்ஸ், நகல், தேடுதல் கட்டணம் என்று நோட்டில் எழுதி வைத்த செலவு 23,400 ரூபாய். வரவு ஒன்றும் இல்லை. அந்த நோட்டைப் பார்க்கும்போதுதான் எனக்கு விஷயம் தெளிவானது. கிரையம் முடிந்தால்தான் தரகருக்குப் பணம். பத்திரத்தில் குறையைக் கண்டுபிடிக்கிறவர் தன் கூலியைத் தானே நிறுத்திக்கொள்கிறார். ஃபீல்டில் இருக்கும் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. மாதக் கடைசியில் வாடகை கட்ட வேண்டும் என்றால் நல்ல மனிதருக்கும் செக்குபந்தியைப் படிக்கக் கை வராது. குறைந்தது ஒரு வருட வீட்டுச் செலவு கையில் இல்லாமல் இதில் இறங்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். இன்னொன்று, அட்வான்ஸ் பணம் எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் கைக்கு வரவே கூடாது. என்னிடம் ஒரு தடவை இரண்டு லட்சத்தை மஞ்சப்பையில் கொடுத்து, கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். சொத்துக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தப்பு. ரொக்கத்தைக் கையில் வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரும்.

ஆவணி கடைசியில், நிலம் வாங்கிய தம்பியின் அப்பா போன் செய்தார். "அன்னைக்கு நீங்க சொல்லலைன்னா நாங்க மாட்டியிருப்போம்மா. என் மச்சான் தருமபுரி பக்கம் ஒரு நிலம் பார்க்கிறார், பத்திரம் எல்லாம் நீங்க பார்த்துத் தரணும்" என்றார். முதல் தடவையாக வாயைத் திறந்து பீஸ் கேட்டேன். 5,000. கிரையம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் கொடுக்க வேண்டும், சட்டக் கருத்து வக்கீலிடம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும், நான் பத்திரங்களைத் தேடி வரிசைப்படுத்தி, குறை தெரிந்தால் சொல்வேன், அவ்வளவுதான் என்றேன். சரி என்று அன்றே அனுப்பிவிட்டார்.

ஆக, முடிவு எடுத்துவிட்டேன், இறங்குகிறேன். தேடுதல் வேலை முதலில், தரகு இரண்டாவது. தரகு என்றால் கமிஷன் எவ்வளவு, யார் கொடுப்பது என்று எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நிலத்தைக் காட்டுவேன். ரெரா ஏஜெண்ட் பதிவுக்கும் விண்ணப்பித்தேன். விவசாய நிலத்துக்கோ பழைய வீட்டுக்கோ அது கட்டாயம் இல்லை. ஆனால் கம்பெனி மனைகளை விற்றுக்கொடுக்க அது வேண்டும். ஐந்து வருடத்துக்குச் செல்லும். விண்ணப்பம் எல்லாம் ஆன்லைன்தான், தொழில் செய்யும் முகவரிக்கான சான்றில்தான் மூன்று வாரம் போனது. நாங்கள் இருப்பது வாடகை வீடு, கரண்ட் பில் வீட்டு ஓனர் பெயரில். ஆபீஸ் என்றாலே அவர் கமர்ஷியல் மீட்டர் ஆகிவிடும் என்று பயந்தார். கடைசியில் எங்கள் பழைய பத்திர எழுத்தர், பூட்டிக் கிடந்த தன் அலுவலகத்தின் முன் அறையை எனக்கு வாடகை ஒப்பந்தம் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒப்பந்தத்தை நானே டைப் செய்தேன், அதே மேஜையில்.

வியாழக்கிழமை தேன்கனிக்கோட்டை பக்கத்து நிலம் ஒன்றுக்குத் தேடுதல் இருக்கிறது. பீஸில் பாதி வந்துவிட்டது. பழைய சர்வே எண்ணை நேற்றே வாங்கி வைத்துவிட்டேன்.