8616460799: பேனாவும் பேப்பரும் வைத்து உடைத்துப் பார்த்தேன்

இங்கிலாந்துப் பொருளியல் அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், 1874ல் வந்த தன் நூல் ஒன்றில் வாசகர்களுக்குச் சவால் விட்டார்: எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 8616460799 வரும்? தன்னைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியவராது என்றே அவர் நினைத்தார். பெருக்குவது சுலபம், பெருக்கியதைத் திரும்பப் பிரிப்பது பெரும்பாடு என்று காட்டத்தான் இந்த உதாரணம். கருத்து சரி. எடுத்துக்கொண்ட எண்தான் சொதப்பல் என்பது என் கட்சி.

பகா எண்களை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதென்றால் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகுத்தல்கள். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. அதனால் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவின் வழியில் போனேன். ஒற்றைப்படை எண் எதையும் அ² − ஆ² என்று எழுதலாம். எழுதிவிட்டால் (அ − ஆ), (அ + ஆ) இரண்டும் காரணிகள். நம் எண்ணின் வர்க்கமூலம் 92824ஐச் சற்றுத் தாண்டுகிறது. ஆக, அ 92825லிருந்து தொடங்க வேண்டும்.

ஒவ்வொன்றாக ஏறுவதற்கு முன் மீதிகளைப் பார்த்தேன். மொத்த வேலையில் ருசியான இடம் இதுதான். அ² என்பது நம் எண்ணோடு ஆ²ஐக் கூட்டியது. நம் எண்ணை 4ஆல் வகுத்தால் மீதி 3. ஆ இரட்டைப்படையாக இருந்தால் அ²க்கும் மீதி 3 வரும். எந்த வர்க்கத்துக்கும் அப்படி வராது. எனவே ஆ ஒற்றைப்படை, ஆ²ஐ 8ஆல் வகுத்தால் மீதி 1. நம் எண்ணுக்கு அதே 8ஆல் மீதி 7. கூட்டினால் 8, மீதியே இல்லை. அப்படியானால் அ 4இன் மடங்கு. இதே கணக்கை 3க்குப் போட்டால் அ 3இன் மடங்காகவும் இருந்தாக வேண்டும். ஆக 12இன் மடங்குகள் மட்டும் போதும்: 92832, 92844, 92856, 92868, 92880 என்று போகும். 5ஆல் வகுத்து மீதி 1 அல்லது 4 வருபவையும் ஆகாது என்பதால் 92844, 92856 இரண்டும் அவுட்.

92832: வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 1319425. கடைசியில் 25ஐப் பார்த்ததும் ஆசை வந்தது. ஆனால் 25ல் முடியும் முழு வர்க்கத்தில், முன்னால் மிஞ்சுவது அடுத்தடுத்த இரண்டு எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும் (35² = 1225, 3 × 4 = 12). 114 × 115 = 13110, 115 × 116 = 13340. நடுவில் மாட்டிய 13194 தேறவில்லை.

92868: கழித்தால் 8004625. மறுபடி 25, மறுபடி ஏமாற்றம்.

92880: கழித்தால் 10233601. 3200²க்கு 6399 குறைவு, அதாவது சரியாக 3199². முடிந்தது! 92880 − 3199 = 89681, 92880 + 3199 = 96079.

1903லேயே அமெரிக்கக் கணித அறிஞர் டி. என். லேமர் இதை உடைத்துவிட்டார். 1996ல் இன்னொரு அமெரிக்கக் கணித அறிஞர் சாலமன் கோலம்ப், ஜெவன்ஸ் காலத்துக் கணிதமே இதற்குப் போதும் என்று காட்டினார்.

இரண்டு காரணிகளும் இவ்வளவு நெருக்கமாக இருந்ததுதான் ஜெவன்ஸைக் காட்டிக்கொடுத்தது. இதே வழியை இன்னொரு பத்து இலக்க எண்ணான 4294967297க்குப் போடலாமா என்று பார்த்தேன். கணித அறிஞர் ஆய்லர் 1732ல் உடைத்த எண் அது: 641 × 6700417. அங்கே அ 65537ல் தொடங்கி 3350529 வரை ஏற வேண்டும், மீதிகளைப் பார்த்துச் சல்லடை போடாவிட்டால் 32 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள். சாதாரணமாக வகுத்துக்கொண்டே போனாலோ, 641 என்பது வெறும் 116வது பகா எண்.