சுவரில் ஆணி அடிக்கக் கூடாத வீட்டில்

புதிய நாட்டுக்கு வந்தவர்களின் முதல் வாடகை வீட்டில் பெரும்பாலான சாமான்கள் வேறு யாரோ வைத்திருந்தவைதாம். என் மீன்தொட்டிகளும் அப்படித்தான் வந்தன. வீடு மாற்றுகிறவர்கள் சிறு கண்ணாடித் தொட்டிகளை ஏறக்குறைய இலவசமாகவே தள்ளிவிடுகிறார்கள். வாங்கிக்கொண்டே போகலாம். வைப்பதற்கு இடம்தான் கிடையாது. தொட்டிக்கென்று விற்கிற தாங்கியோ தொட்டியைவிடப் பல மடங்கு விலை.

மலிவான புத்தக அடுக்கில் வைத்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். அவை பெரும்பாலும் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகைகள். விளிம்பில் ஈரம் பட்டால் உப்பிப் பிளந்துவிடும். தொட்டி வைக்கும் இடத்தில் ஈரம் படாமல் இருக்கப்போவதில்லை. ஆகவே மரச்சட்டம் வாங்கி நானே கட்டுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் இரண்டு நிபந்தனைகள் தாமாக வந்து நின்றன. வாடகை ஒப்பந்தப்படி சுவரில் துளை போடக் கூடாது. எனவே அடுக்கு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அடுத்த வீட்டுக்கு எப்போது மாறுவோம் என்பதும் தெரியாது. எனவே கதவுக்குள் நுழையும் துண்டுகளாக அதைக் கழற்ற முடிய வேண்டும். உயரமான அடுக்கு என்ற ஆசையை முதல் நிபந்தனை ஒழித்தது. ஒட்டுப் பசையை இரண்டாவது ஒழித்தது.

எடைக் கணக்கை யாரும் சோம்பல் படாமல் போட்டுப் பார்க்க வேண்டும். 40 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 25 உயரமுள்ள தொட்டி 25 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடி, மணல், கற்கள் சேர்த்தால் ஒரு தொட்டி 30 கிலோவைத் தொடும். தட்டுக்கு மூன்று என இரண்டு தட்டுகளில் ஆறு தொட்டிகள் வைத்தால் 180 கிலோ. இரண்டு மூன்று பெரியவர்கள் இரவும் பகலும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது போன்றது அது. எங்கள் வீடு மேல்தளம், தரையும் மரத்தளம். அதனால் மூன்றாவது தட்டு வேண்டாம் என்று விட்டேன். தரைக்கு அடியில் ஓடும் விட்டங்களுக்குக் குறுக்காக, கட்டடத்தின் பாரம் தாங்கும் சுவரை ஒட்டி அடுக்கை நிறுத்தினால், எடை ஒரே விட்டத்தின் மேல் விழாமல் பலவற்றுக்குப் பிரிந்துபோகும்.

தொட்டிகளை நீள வாட்டில் வைக்காமல், குறுகிய பக்கம் முன்னால் தெரியும்படி வைத்தால் 90 சென்டிமீட்டர் தட்டில் மூன்று தாராளமாக உட்காரும். பார்வைக்கு அழகு கொஞ்சம் குறையும். இடநெருக்கடியில் அழகை யார் கேட்கிறார்கள்?

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் வைக்கும் பழைய பலகைச் சட்டங்கள் சும்மா கிடைக்கும் என்பார்கள். அவற்றில் ‘எச்டி’ (HT) என்று முத்திரை இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியவை. ‘எம்பி’ (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியவை, வீட்டுக்குள் வேண்டாம். எதுவானாலும் அந்தப் பலகைகள் கால்களுக்குப் போதாத மெலிவு. கட்டுமானத்துக்கு விற்கும் பைன் சட்டமே மலிவு. ‘இரண்டுக்கு நான்கு’ அங்குலம் என்று கேட்டு வாங்குவது இழைத்து முடித்த பின் 38 × 89 மில்லிமீட்டர்தான் இருக்கும். அளவுகளை அதை வைத்தே போட வேண்டும். ஒவ்வொரு சட்டத்தையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு பார்த்து எடுத்தேன். மரக்கடையிலேயே இயந்திரத்தில் அறுத்துக் கொடுத்துவிட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் ரம்பச் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தாரோடு முதல் அறிமுகமே முறையீடாக இருந்திருக்கும்.

கட்டும் முறையில் விஷயம் ஒன்றுதான்: எடை மரத்திலிருந்து மரத்துக்கு இறங்கித் தரையைத் தொட வேண்டும். குறுக்குச் சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் திருகாணியால் மட்டும் தொங்கவிட்டால் முழு பாரமும் அந்த ஆணிகளின் மேல் விழும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு காலோடும் ஒரு குட்டைக் கட்டையைச் சேர்த்து, அதன் தலையில் கீழ்த் தட்டின் சட்டத்தை உட்கார வைத்தேன். அந்தச் சட்டத்தின் மேல் இன்னொரு கட்டை, அதன் மேல் மேல்தட்டின் சட்டம். இணைப்புகளுக்குத் திருகாணி இல்லை, வாஷர் வைத்த போல்ட்டும் நட்டும். அவை பிடித்துக்கொள்கின்றன, சுமப்பது மரம். இவ்வளவு செய்தும் பக்கவாட்டில் தள்ளினால் சட்டகம் சாயப் பார்க்கும். முதுகுப்புறம் ஒரு ப்ளைவுட் பலகையைப் பொருத்தியதும் அந்த ஆட்டம் நின்றது. பொருத்துவதற்கு முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது மூலைமட்டத்தைவிட நம்பகமானது.

தட்டுகளுக்கு இடையே கையும் வலையும் புக வேண்டும். தொட்டியின் விளிம்புக்கு மேல் 30 சென்டிமீட்டர் விட்டேன். மொத்த உயரம் 95 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டது.

வார்னிஷ் பூசுவது குளிர்நாட்டில் தனித் தொல்லை. ஜன்னலைத் திறக்க முடியாத மாதங்களில் நீரில் கரையும் வகையை வாங்குவது மூக்குக்கும் நல்லது, மீனுக்கும் நல்லது. ப்ளைவுட்டின் விளிம்புகளுக்கு மட்டும் இன்னொரு பூச்சு அதிகம் கொடுக்க வேண்டும், தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான்.

ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் பார்த்து, தேவையான காலுக்கு அடியில் மெல்லிய தகடு செருகினேன். அடிச்சட்டம் இல்லாத கண்ணாடித் தொட்டிக்குக் கீழே நுரை விரிப்பு அவசியம். பிளாஸ்டிக் அடிச்சட்டம் உள்ளதற்கு அது வேண்டாம். கீழ்த் தட்டை முதலில் நிரப்பி, பிறகு மேல் தட்டு. நிரப்பிய பின் மட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

ஆறு தொட்டிகளுக்கும் ஒரே காற்றுப் பம்பு, ஸ்பாஞ்ச் வடிகட்டிகள். பம்பு மேல் தட்டின் நீர்மட்டத்துக்கும் மேலே இருக்கிறது. மின்சாரம் நின்றால் குழாய் வழியாகத் தண்ணீர் பின்வாங்கிப் பம்புக்குள் இறங்காது. மின்கம்பிகள் பிளக்குக்கு ஏறும் முன் கீழே ஒரு வளைவு தொங்குகின்றன. கம்பியில் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

குளிர்காலத்தில் அடுக்கின் இரண்டு தட்டுகளுக்கும் வெப்பம் ஒன்றல்ல. வெதுவெதுப்பு மேலேயே தங்கும். சண்டைமீன்கள் மேல் தட்டில் இருப்பதால் அவற்றின் ஹீட்டர்களுக்கு வேலை குறைவு. செர்ரி இறால்கள் கீழே, ஹீட்டர் இல்லாமல்.