குழந்தை நட்சத்திரம் வளர்ந்த பிறகு: வேலூர்ப் பெற்றோர் கவனத்துக்கு

‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் 2018 முதல் 2023 வரை மூத்த மருமகள் தனமாக வந்த சுஜிதாவைத் தெரியாத வீடு நம் பக்கத்தில் இருக்காது. ‘முந்தானை முடிச்சு’ (1983) படத்தில் பாக்யராஜ் கையில் இருந்த கைக்குழந்தை அவர்தான். ‘பூவிழி வாசலிலே’ (1987) படத்தில் வாய் பேசாத, காது கேளாத பையனாக வந்ததும் அவர்தான். அந்தப் பையனுக்கும் தனத்துக்கும் நடுவே முப்பது வருஷம். ‘ஹரிசந்தனம்’ போன்ற மலையாளத் தொடர்களெல்லாம் அந்த நடுவில்தான் வருகின்றன. பெண் குழந்தையை நடிக்க அனுப்ப யோசிக்கும் காட்பாடி, குடியாத்தம், ஆற்காட்டுப் பெற்றோர் இந்த நடுப் பகுதியைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். பேரும் பணமும் வருவதும், இரண்டும் கை நழுவுவதும் அங்கேதான்.

குழந்தையாக ஜெயித்தவர் நாயகியாகவும் ஜெயிப்பார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மீனா ‘நெஞ்சங்கள்’ (1982), ‘அன்புள்ள ரஜினிகாந்த்’ (1984) படங்களில் குழந்தை. நாயகியாகத் தெலுங்கில் தொடங்கி, 1991-ல் ‘என் ராசாவின் மனசிலே’ வழியாகத் தமிழில் பேர் வாங்கினார். ஷாலினி சில வருஷம் திரையிலிருந்து விலகியிருந்து, 1997-ல் மலையாளத்தில் ‘அனியத்திப்ராவு’, அதே வருஷம் இங்கே ‘காதலுக்கு மரியாதை’ செய்தார். அவர் தங்கை ஷாமிலி ‘அஞ்சலி’க்குத் தேசிய விருது வாங்கியவர். 2009-ல் தெலுங்கில் ‘ஓய்’ படத்தில் நாயகியானார். பிறகு பெரிதாகத் தொடரவில்லை. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்துக்குத் தேசிய விருது பெற்ற கீர்த்தனா நாயகியாக நடிக்கவே வரவில்லை, கேமராவுக்குப் பின்னால் வேலை பார்க்கப் போனார். அதுவும் நல்ல முடிவுதான். விருதை வைத்து எதிர்காலத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

தொடரில் குழந்தை வேடம் முடியும் விதம் வேறு. ‘சில வருடங்களுக்குப் பிறகு’ என்று ஒரு அட்டை போட்டால் போதும், மறுநாளிலிருந்து அந்த வேடத்தில் வளர்ந்த பெண் ஒருவர் வந்துவிடுவார். பல சமயம் அது வீட்டுக்கு முன்கூட்டித் தெரியாது. ஆறேழு வயதில் முன்பல் விழும்போதும் இதே சிக்கல்: நேற்று எடுத்த காட்சியும் இன்று எடுப்பதும் ஒட்டாது. பல் ஆடத் தொடங்கியதுமே உதவி இயக்குநரிடம் சொல்லிவிடுங்கள், நெருக்கக் காட்சிகளை முன்னதாக எடுத்துக்கொள்வார்கள்.

பெற்றோர் அதிகம் கவனிக்காதது பிராம்ப்டிங். பின்னால் டப்பிங் செய்யும் தொடர்களில் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் வசனத்தை வரி வரியாகச் சொல்வார், குழந்தை கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லும். வேலை வேகமாக நடக்கும். இரண்டு வருஷம் இப்படியே பழகிய குழந்தைக்குக் காதில் வரி விழுந்தால்தான் வாய் திறக்கும். எதிரில் இருப்பவர் பேசும்போது முகத்தில் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் கவனம் முழுக்க அடுத்த வரியைச் சொல்லப் போகிற குரலில் இருக்கும். நேரடி ஒலிப்பதிவில் பிராம்ப்டிங் குரலும் பதிவாகிவிடும் என்பதால் அங்கே இந்தக் குழந்தை திணறிப்போகும். வழி இருக்கிறது. காட்சித் தாளை முந்தின நாளே கேட்டு வாங்குங்கள். குழந்தையின் வரியோடு எதிராளியின் வரியையும் சேர்த்து வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். டப்பிங்கையும் முடிந்தவரை குழந்தையே செய்யட்டும். பெரியவர் ஒருவர் குழந்தைக் குரலில் பேசிவிட்டால், வளர்ந்த பிறகு இவளுடைய குரல் எவருக்கும் தெரியாது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 திருத்த விதிகளின்படி ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்று பொறுப்பாளர் இருக்க வேண்டும். குழந்தைக்கு விருப்பமில்லை என்றால் நடிக்க வைக்கவே கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் கலெக்டரிடம் தயாரிப்பாளர்தான் படிவம் சி-யில் உறுதிமொழி கொடுத்து அனுமதி வாங்க வேண்டும்; அது ஆறு மாதம் செல்லும். இங்கே ஒரு குழப்பம் வரும். 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிந்த பிறகு ஏலகிரியில் எடுத்தால் திருப்பத்தூர் கலெக்டர், ஆற்காட்டில் எடுத்தால் ராணிப்பேட்டை கலெக்டர். சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகம் வேலூர் மாவட்டத்துக்கு மட்டும்தான். வேலூர்க் கோட்டைக்குள் எடுப்பதானால் தொல்லியல் துறை அனுமதி தனி. அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற கம்பெனிக்குக் குழந்தையை அனுப்பாதீர்கள்.

அந்த 5 மணி நேரத்தில் பயணம் சேராது. காலையில் காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, சென்ட்ரலில் மெட்ரோ மாறி வடபழனி போய், இரவு திரும்பினால் குழந்தைக்குப் பெரியவர்களின் ஷிப்டைவிட நீண்ட நாள். அடுத்தடுத்த நாள் கால்ஷீட் இருந்தால் சென்னையில் தங்க இடம் கேளுங்கள், அதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். குழந்தையின் காட்சிகளை முதலில் எடுத்து முடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுதாவிட்டால் பெரிய நடிகரின் நேரத்துக்குத் தக்கபடி குழந்தை மாலை வரை மேக்கப்போடு உட்கார்ந்திருக்கும்.

பணத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரில் நிலையான வைப்பாகப் போட வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. கையில் ரொக்கமாக வாங்கினால் இந்த 20 சதவீதம் காணாமல் போகும். முதல் செக் வருவதற்கு முன்பே குழந்தை பெயரில் பான் கார்டும் வங்கிக் கணக்கும் தயாராக இருக்கட்டும். கம்பெனி வழக்கமாக 10 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். பான் இல்லாத அவசரத்தில் அம்மாவின் பான் எண்ணைக் கொடுத்துவிட்டால் முழுச் சம்பளமும் அம்மாவின் வருமானமாகப் பதிவாகும். உண்மையில் குழந்தை தன் திறமையால் சம்பாதிப்பதைப் பெற்றோர் வருமானத்தோடு சேர்க்க வேண்டியதில்லை; குழந்தை பெயரிலேயே தனியாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, அதிகம் பிடித்த வரியைத் திரும்ப வாங்கலாம். அந்த வைப்பில் வரும் வட்டிக்கு இது பொருந்தாது. வட்டி, அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். இந்த ஒரு நுணுக்கத்தைத் தெரிந்த ஆடிட்டரிடம் போங்கள்.

ஆடிஷனுக்கு, போட்டோ ஆல்பத்துக்கு, பதிவுக்கு என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். வேலை கொடுப்பவர்தான் பணம் தர வேண்டும். மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்பதால் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும், அதில் உள்ள நிபந்தனைகளும் உங்கள் மேல்தான் விழும். வேறு சேனலில் நடிக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் அது எந்தத் தேதி வரை என்று தேதி போட்டு எழுத வையுங்கள். வேடம் போன பிறகும் தடை நீடித்தால், அடுத்த வாய்ப்புக்குப் போக வேண்டிய வயதில் பெண் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

18 வயது முடிந்ததும் மைனர் பான் கார்டில் போட்டோவும் கையெழுத்தும் சேர்க்க விண்ணப்பிக்க வேண்டும், வங்கிக் கணக்கை மேஜர் கணக்காக மாற்ற வேண்டும். வைப்புத் தொகையின் ரசீதுகளை வருஷ வாரியாக அடுக்கி, எந்தப் படம், எந்தத் தொடர் என்று பின்னால் எழுதி அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வங்கிக்கு அவளே போய்க் கேட்கட்டும்.