மூன்றாவது விசில்

சினிமாவில் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் "நடக்கிற வேலை" என்று சொல்வேன். சிரிப்பார்கள். உண்மையே அதுதான். திரையில் கதாநாயகி நடந்தால் நான் நடப்பேன். வில்லன் படியேறினால் நானும் ஏறுவேன். அவள் புடவை சரசரத்தால் என் கையில் ஒரு பழைய பருத்திப் புடவை சரசரக்கும். டைட்டிலில் ஃபோலி என்று போடுவார்கள். எங்கள் வட்டாரத்தில் 'எஃபெக்ட்ஸ் போடுறவர்' என்றால்தான் புரியும். பேசும்படம் வந்த புதிதில் அமெரிக்காவின் யுனிவர்சல் ஸ்டுடியோவில் ஜாக் ஃபோலி என்றொருவர், படத்தை ஓடவிட்டு அதற்கேற்ப நடந்தும் தட்டியும் சத்தங்களைச் சேர்த்தார். அவர் பெயரே தொழிலுக்குப் பெயராகிவிட்டது.

நம் ஊரில் இந்த வேலைக்குக் கொஞ்சம் கூடுதல் தேவை உண்டு. பெரும்பாலான படங்களில் படப்பிடிப்பின்போது பதிவாகும் ஒலியை பைலட் டிராக் என்று வைத்துக்கொண்டு, டப்பிங் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுவோம். வசனத்தோடு சேர்ந்து காலடி, வளையல், டம்ளர், கதவு எல்லாம் போய்விடும். மிச்சமிருப்பது மௌனப்படம். அதில் ஒரு வீட்டை வீடாக்க, சாலிகிராமத்தில் ஓர் இருட்டறைக்குள் இரண்டு மூன்று பேர் பாத்திரம் உருட்டிக்கொண்டிருப்போம்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு படம் வந்தது. பெயர் வேண்டாம், சம்பளப் பாக்கி இன்னும் இருக்கிறது. கதை எளிது. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், வாடகை ஃபிளாட், காலையில் போய் இரவில் வரும் கணவன். பகல் முழுக்க அவளும் வீடும் மட்டும். வீட்டில் சின்னச் சின்னதாக ஏதோ மாறுகிறது. அவள் சொல்கிறாள், கணவன் நம்பவில்லை. பேய் வருவதே இல்லை. கடைசிவரை நமக்கும் தெரியாது, வீட்டில் கோளாறா, அவளிடமா என்று.

டைரக்டர் சின்னப் பையன், முதல் படம். முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார். கதவு கிறீச்சிடக் கூடாது. நாய் ஊளையிடக் கூடாது. எவர்சில்வர் தட்டு தானாக விழுந்து சுழலக் கூடாது. "அண்ணே, சத்தம் வந்தா பயம் வரக் கூடாது. வர வேண்டிய சத்தம் வரலேன்னா பயம் வரணும்." எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. கிறீச்சிடும் கதவுக்காகவே நான் ஒரு பழைய தேக்குக் கதவை ஸ்டுடியோவில் வைத்திருக்கிறேன். அதற்கு எண்ணெய் போட விடமாட்டேன்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டது குக்கர் காட்சியில். அந்தப் பெண் பருப்பு வைத்திருக்கிறாள். முதல் விசில். துணி மடிக்கிறாள். இரண்டாவது விசில். மடித்துக்கொண்டே இருக்கிறாள். மூன்றாவது வரவில்லை. மடிக்கும் கை மெதுவாகிறது. அவ்வளவுதான் காட்சி. படத்தைப் பார்த்த அத்தனை பேரும் அந்த இடத்தில் நாற்காலியில் நிமிர்ந்தார்கள். நம் வீடுகளில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அது ஏன் என்று விளக்கத் தேவையில்லை. அந்த இரண்டு விசிலுக்கு நாங்கள் ஒரு நாள் செலவழித்தோம். கேஸ் அடுப்பில் வைத்தால் தீயின் இரைச்சல் மைக்கில் ஏறியது. இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்தால் அதன் ஃபேன். கடைசியில் அடுப்பில் காயவைத்து, விசிலுக்கு முன்னால் வெயிட் நடுங்கத் தொடங்கும் நேரத்தில் தூக்கிக்கொண்டு மைக்கிடம் ஓடினோம். இரண்டு முறை தாமதம். மூன்றாவது முறை உதவியாளரின் விரல் சுட்டது, விசிலும் கிடைத்தது.

காலடிக்கு வேறு பாடு. வெளிநாட்டு எஃபெக்ட்ஸ் தொகுப்புகளில் ஷூ ஆயிரம் விதமாக இருக்கும். நம் வீடுகளுக்குள் யார் ஷூ போடுகிறார்கள்? வெறுங்கால். மொசைக் தரையில் வெறுங்கால் நடப்பது கிட்டத்தட்ட சத்தமே இல்லாத சத்தம். ஈரக்கால் வேறு, காய்ந்த கால் வேறு, வெடிப்பு விழுந்த குதிகால் வேறு. படத்தின் முதல் பாதிக்கு நான் சாதாரணமாக நடந்தேன். இரண்டாம் பாதியில் அவள் பயந்து நடக்கிறாள், அதாவது தன் காலடியையே அவள் ஒளிந்து கேட்டுக்கொண்டு நடக்கிறாள். அதற்கு முன்பாதத்தில் மட்டும் நடந்து, குதிகாலைக் கடைசியாக, கேட்டும் கேட்காத மாதிரி வைத்தேன். மூன்று நாள் கெண்டைக்கால் வலி.

வேலை தொடங்கும் முன் எங்களைப் பார்க்கச் சொன்ன படம் 1944இல் வந்த 'கேஸ்லைட்'. ஜார்ஜ் க்யூகோர் இயக்கியது. இங்க்ரிட் பெர்க்மனுக்குச் சிறந்த நடிகை ஆஸ்கர் வாங்கித் தந்தது. 1938இல் பாட்ரிக் ஹாமில்டன் எழுதிய நாடகத்திலிருந்து எடுத்தார்கள். லண்டனில் ஒரு வீடு. இரவானால் கணவன் வெளியே போகிறேன் என்று கிளம்பிவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் அவள் அறையில் வாயு விளக்கு மங்கும். தலைக்கு மேலே, பூட்டிக்கிடக்கும் மாடியறையில், காலடி கேட்கும். போனவன் சுற்றிவந்து கூரை வழியாக மேலே இறங்கி, கொலையுண்ட பெண்ணின் நகைகளைத் தேடுகிறான். அங்கே அவன் விளக்கேற்ற, குழாயில் வாயு பங்கிட்டுப் போய்க் கீழே இவள் விளக்கு மங்குகிறது. அவளிடமோ 'உனக்கு மறதி, உனக்குப் பிரமை' என்றே சொல்லிச் சொல்லி நம்பவைக்கிறான். ஒருவரை அவர் புத்தியையே சந்தேகிக்க வைப்பதற்கு ஆங்கிலத்தில் இன்று 'கேஸ்லைட்டிங்' என்கிறார்களே, அந்தச் சொல் வந்த இடம் இதுதான்.

தொழில்முறையில் என்னைப் பிடித்தது வேறொரு காட்சி. ஸ்காட்லாண்ட் யார்டு அதிகாரி அவள் அறைக்கு வருகிறார். அவர் இருக்கும்போதே விளக்கு மங்குகிறது, மேலே காலடி கேட்கிறது. அவருக்கும் கேட்கிறது! பெர்க்மன் முகத்தில் அப்போது வருவது பயம் இல்லை, கிட்டத்தட்ட சந்தோஷம். ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இன்னொரு காது கிடைத்துவிட்டது.

இந்தப் படத்தை வீட்டில் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கீரையும் முறமுமாகப் பின்னால் வந்து உட்கார்ந்து, கதையைக் கேட்டுக்கொண்டு சொன்னாள்: "இவளாவது பரவாயில்ல, மாடில ஆள் இருக்கான். நம்ம மாடில யாருமே இல்ல."

இது பழைய வழக்கு. மேல் வீட்டில் கோலிக்குண்டு உருளுகிறது என்று அவள் ஒரு வருடத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விடிகாலையிலும் மத்தியானத்திலும். முதலில் "பசங்க விளையாடுவாங்க" என்றேன். அந்தக் குடும்பம் காலி செய்துகொண்டு போன பிறகும் அவள் சொன்னாள். "காதுல விழுந்து பழகிடுச்சு உனக்கு" என்றேன். எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை. சத்தமே பிழைப்பாக இருப்பவனுக்குக் கேட்காதது இவளுக்கு எப்படிக் கேட்கும் என்ற கர்வமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

சரி, ஸ்டுடியோவுக்கு வருகிறேன். நம் ஊரிலேயே இப்படி ஒரு படம் உண்டு, 2009இல் வந்த 'யாவரும் நலம்'. விக்ரம் குமார் இயக்கம், பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு. கூட்டுக்குடும்பம், 13பி என்ற புது ஃபிளாட், மத்தியானம் ஒரு மணிக்கு ஓடும் டிவி சீரியல், அதில் நடப்பது அப்படியே வீட்டில் நடப்பது. அதில் மாதவன் ஏறினால் லிஃப்ட் வேலை செய்யாது, வீட்டில் பால் திரிந்துகொண்டே இருக்கும். பால் திரிவது! ரத்தம், முடி, வெள்ளைப் புடவை எதுவும் தேவைப்படவில்லை. பால் திரிந்தால் 'ஏதோ சரியில்லை' என்பது நம் அம்மாக்கள் முகத்திலேயே தெரியும். டைரக்டருக்கும் எனக்கும் முதன்முதலாக ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

மிக்சிங் நெருங்கியபோது எஞ்சினியர் ஒரு யோசனை சொன்னார். மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. கேட்காத ஒலியும் உடம்பை அமைதியிழக்கச் செய்யும் என்று சிலர் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர், தன் ஆய்வுக்கூடத்தில் சாம்பல் உருவம் ஒன்று ஓரக்கண்ணில் தெரிகிறதே என்று தேடிப்போய், ஒரு ஃபேன் எழுப்பிய 19 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் காரணம் என்று 1998இல் எழுதினார். அந்த முடிவை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை என்பது வேறு கதை. 'அதைப் படம் முழுக்க அடியில் ஓடவிடலாமா' என்றார் எஞ்சினியர். டைரக்டர் மறுத்துவிட்டார். "சார், அது ஏமாத்து. எனக்கு வீட்டுச் சத்தம் போதும். இந்த மத்தியான சீனுக்கு மட்டும் மூணு மணி வீட்டுச் சத்தம் போட்டுக் குடுங்க."

மூன்று மணிக்கு வீட்டில் என்ன சத்தம் கேட்கும்?

அறையில் நான்கு ஆண்கள் இருந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எஞ்சினியர் "ஃபேன்" என்றார். உதவியாளர் "காக்கா?" என்றான். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் வீடுகளுக்குச் சத்தம் போட்டிருக்கிறேன். வேலை நாளில் மத்தியானம் மூன்று மணிக்கு நான் வீட்டில் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை இருப்பேன், அப்போது டிவி ஓடும், நான் தூங்குவேன்.

மறுநாள் ரெக்கார்டரோடு வீட்டில் உட்கார்ந்தேன். எதுவும் சரியாக வரவில்லை. நான் இருந்தால் வீடு வேறு மாதிரி ஒலித்தது. அவள் அடிக்கடி எட்டிப்பார்த்து "டீ போடட்டுமா" என்றாள், பாத்திரத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். கடைசியில் அவளிடமே கேட்டு, சமையலறை அலமாரியில் டப்பாக்களுக்கு நடுவில் ரெக்கார்டரை வைத்துவிட்டு வெளியே போனேன். "இருமினா தும்மினாகூடப் பதிவாகுமா?" என்றாள். ஆகும் என்றேன். "நல்லாத்தான் இருக்கு பொழப்பு."

அன்றிரவு ஹெட்ஃபோனில் கேட்டேன். ஐந்து மணி நேரப் பதிவு. ஃபிரிட்ஜ் நிற்கும்போது ஒரு குலுக்கல், அதன் மேலிருக்கும் கண்ணாடி பாட்டில்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. தெருவில் இஸ்திரிக்காரர் பெட்டியின் மூடியைத் தட்டிக் கரி சாம்பலை உதறுகிறார். எதிர்வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிறார்கள். என் மனைவி ஏதோ பழைய பாட்டை வார்த்தையில்லாமல் முனகுகிறாள். எனக்குத் தெரிந்து அவள் பாடியதே இல்லை. நடுவில் ஒரு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுக்கிறாள். அதற்கப்புறம் வெகுநேரம் ஃபேன் மட்டும்.

மூன்று மணி சுமாருக்குக் கீழே தண்ணி மோட்டார் போடுகிறார்கள். இருபது நிமிடம் ஓடி நிற்கிறது. நின்ற மறுநொடி, மேலே, டொக். டொக் டொக். அப்புறம் உருண்டு போகிற மாதிரி ஒரு நீள அதிர்வு. கோலிக்குண்டேதான். கை தானாக ஹெட்ஃபோனைக் கழற்றியது. மறுபடி மாட்டிக் கேட்டேன். அதைத் தொடர்ந்து, யாரிடமும் இல்லாமல், அவள் குரல்: "ம், ஆரம்பிச்சாச்சு."

காரணம் சப்பையானது. மோட்டார் நின்றதும் குழாயில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று பின்வாங்கி மோதுகிறது, குழாய் உதறுகிறது, கான்கிரீட் வழியாக அது வீட்டுக்குள் வருகிறது. விடிகாலை ஐந்துக்கும் மத்தியானம் மூன்றுக்கும் மோட்டார் போடுவார்கள். ஐந்துக்கு நான் தூங்குவேன், மூன்றுக்கு சாலிகிராமத்தில் யாருடைய வீட்டுக்கோ நடந்துகொண்டிருப்பேன். பிளம்பர் வந்து பார்த்து, வால்வை மாற்றினால் சரியாகிவிடும் என்றார். அசோசியேஷன் கூட்டத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சத்தத்தை டைரக்டருக்குப் போட்டுக் காட்டினேன். "எப்படிண்ணே பண்ணீங்க?" என்றார். பண்ணவில்லை என்றேன். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் காட்சியில் வைத்தோம். நாற்காலி இழுபடுவதையும் சேர்த்துக்கொண்டோம். முனகல் மட்டும் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

பதிவைக் கேட்ட இரவு நான் உடனே அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றுதான். மறுநாள் காலையில் சமையலறை வாசலில் போய் நின்றேன். குக்கர் அடுப்பில் இருந்தது. அவள் தேங்காய்ச் சட்னிக்கு மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"மேல கோலி உருளுது. ரெக்கார்டர்ல விழுந்திருக்கு" என்றேன்.

கை நின்றது. திரும்பிப் பார்த்தாள். பெர்க்மன் முகமெல்லாம் இல்லை.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. குழாய்தான். மோட்டார் நிக்கும்போது..." என்று விளக்கத் தொடங்கினேன். அவள் மிளகாய்க்குத் திரும்பிவிட்டாள். கொஞ்ச நேரம் நான் தண்ணீரின் விசை, வால்வு என்று பேசிக்கொண்டே போனேன். அவள் இடையில் நிறுத்தினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். எத்தனை விசில் வந்துச்சு இப்போ?"

நான் எண்ணவில்லை.

அவள் அடுப்பை அணைத்தாள். "மூணு."