காயம் எங்கே பட்டது என்று கேட்ட பிறகுதான்

வீட்டுச் சமையலறையில் கத்தி பட்டு விரலின் தசைநாண் அறுந்தவருக்கு எங்கள் கிளினிக்கின் அசிஸ்டென்ட், அதாவது தெரபிஸ்டின் உதவியாளர், சிகிச்சை தரலாம். அதே கத்தி, அதே விரல், ஆனால் வெட்டிக்கொண்டது டெலி கடையில் (இறைச்சியும் சாண்ட்விச்சும் விற்கும் கடை) வேலை நேரத்தில் என்றால் அவர் தொடக்கூடாது, நான்தான் பார்க்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அடிபட்டவர் அன்றாட வேலைக்குத் திரும்பப் பயிற்சி தருபவராகச் சேர்ந்த புதிதில் இந்த விதி எனக்குப் புரியவே இல்லை. வேலையில் அடிபட்டவரின் தொழிலாளர் இழப்பீட்டு வழக்கு, அதாவது இங்கே எல்லோரும் சொல்லும் ‘காம்ப் கேஸ்’ என்றாலே தெரபிஸ்ட் மட்டும்தான் பார்க்கலாம் என்றிருந்தது. அப்புறம் சட்டத்தைத் திருத்தி, தெரபிஸ்டின் மேற்பார்வையில் அசிஸ்டென்ட்களும் சிகிச்சை தரலாம் என்றார்கள்.

நான் படித்த வேலூரில் இப்படி ஒரு தனிப் பதவி இல்லை. மதிப்பீடும் நாமே, பயிற்சியும் நாமே. இங்கே அசிஸ்டென்ட் ஆக அசோசியேட் பட்டம், 16 வாரக் களப்பயிற்சி, பிறகு தேசியத் தேர்வு. தெரபிஸ்டுக்கு முதுகலையும் 24 வாரமும். நோயாளியை மதிப்பிட்டுத் திட்டம் போடுவது தெரபிஸ்டின் பொறுப்பு. அதை நாள்தோறும் நடத்துவது அசிஸ்டென்ட்.

‘படிப்பு குறைந்தவரிடம் அடிபட்ட தொழிலாளியை விடலாமா?’ என்பார்கள். காம்ப் கேஸில் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். இன்சூரன்ஸ்காரருக்கு அளவெடுத்த முன்னேற்றம் வேண்டும், கேஸ் மேனேஜர் நர்ஸுக்கு போனில் பதில் வேண்டும், டாக்டருக்கு அறிக்கை வேண்டும். நான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது நோயாளி காத்திருப்பார். தசைநாண் தைத்த விரல் மட்டும் காத்திருக்காது. அசைக்காமல் விட்டால் தழும்பு ஒட்டிக்கொள்ளும், அவசரப்பட்டு இழுத்தால் தையல் அறுந்துவிடும். வாரத்தில் இரண்டு மூன்று முறை ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாக வேண்டிய வேலை இது.

டெலியில் இறைச்சி வெட்டும் ஒருவர் ஆள்காட்டி விரலில் தையலோடு வந்திருந்தார். சட்டம் மாறிய பிறகு வந்தவர். மூன்று மாதத்துக்கு மேல் ஆனபோது கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவியில் எண் நன்றாகவே ஏறியிருந்தது. அறிக்கையில் எழுத அழகான எண். எங்கள் அசிஸ்டென்ட் முன்பு பேக்கரியில் வேலை பார்த்தவர். அவர் எண்ணோடு நிற்கவில்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எண்ணெய் தடவிக் கொடுத்து, “கடையில் எப்படித் திறப்பீர்களோ அப்படித் திறங்கள்” என்றார். மனிதர் மற்ற விரல்களால் திறந்தார். ஆள்காட்டி விரல் கம்பி மாதிரி விறைத்து மேலே நின்றது. அசிஸ்டென்ட் என்னைக் கூப்பிட்டு, “பலம் வந்துடுச்சு, ஆனா இந்த விரல் வேலைக்கு வரல” என்றார். நான் விரலின் நடுக்கணுவைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொன்னேன். மிகக் கொஞ்சமாகத்தான் மடங்கியது. தழும்பு ஒட்டியிருந்தது. அன்றே திட்டத்தை மாற்றி டாக்டருக்கும் எழுதினேன்.

அந்தத் தொழிலாளிக்கு விரல் நுனி பணமும்கூட. நியூயார்க் சட்டத்தில் ஆள்காட்டி விரலின் முழு இழப்புக்கு 46 வார இழப்பீடு என்று கணக்கு. விரல் எவ்வளவு மடங்கவில்லையோ அதற்கேற்ற பங்கு. (இந்தியாவின் 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் விரலுக்கு விலை போட்டிருந்தது: ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீத வருமான இழப்பு.) அந்த அறிக்கையில் பிடிமான எண் மட்டும் போயிருந்தால் விரல் தேறிவிட்டது என்றே படித்திருப்பார்கள்.

நியூயார்க்கின் இந்த இழப்பீட்டுச் சட்டமே எளிதில் வந்துவிடவில்லை. 1910இல் போட்ட முதல் சட்டத்தை 1911 மார்ச் 24 அன்று நீதிமன்றம் ரத்து செய்தது. மறுநாளே நியூயார்க் நகரின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். மாநில அரசியல் சாசனத்தையே திருத்தி 1914இல்தான் புதுச் சட்டம் நிலைத்தது. மூன்று வருடம் கழித்து, அதே மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் ஊரில் எங்கள் தொழிலின் முதல் தேசியச் சங்கம் பிறந்தது. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான்: அடிபட்டவரைப் பிழைப்புக்குத் திருப்புவது. அப்படியிருந்தும் அசிஸ்டென்டை உள்ளே விட இத்தனை காலம் ஆனது எனக்கு எரிச்சல்தான்.

ஆனால் எதிர்த்தவர்களின் ஒரு பயத்தில் நியாயம் உண்டு. அசிஸ்டென்ட் தரும் சிகிச்சைக்கு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2022 முதல் வழக்கமான கட்டணத்தில் 85 சதவீதம்தான் தருகிறது, அப்படியும் அசிஸ்டென்டின் சம்பளம் குறைவு என்பதால் கிளினிக்குக்குக் கட்டுப்படியாகிறது. முதல் நாள் தெரபிஸ்ட் பார்த்து கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் கடைசி நாள்தான் முகம் காட்டுவது என்று ஆகிவிட்டால் அதற்குப் பெயர் மேற்பார்வை இல்லை. ஒரே நேரத்தில் மூன்று பேரை ஓர் அசிஸ்டென்டிடம் தள்ளுவதும் அப்படித்தான்.

எங்கள் இடத்தில் தசைநாண் கேஸ்களை முதல் ஆறு வாரம் நானே பார்க்கிறேன். அதற்குப் பிறகு பெரும்பாலும் அவர். மாற்றம் ஏதாவது தெரிந்தால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு நான் போக வேண்டும். நேர அட்டவணை போடும் மேலாளருக்கு இந்த இரண்டாவது பாதி பிடிக்கவில்லை. எனக்கென்று காலியாக விட்டிருக்கும் அந்த அரை மணி நேரத்தில் இன்னொரு நோயாளியைப் போடலாமா என்று வாராவாரம் கேட்கிறார்.