குடவோலையில் சிக்கிய எங்கள் சங்கம்

எங்கள் ஊர் இலக்கியச் சங்கம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தென்னக வரலாறு, இலக்கியம், சமயம் என்று தொடர் சொற்பொழிவு வைத்திருந்தது. சனிக்கிழமை வம்பில்லாமல் போனது. பேச்சாளர்கள் சங்கத்தைப் புகழ்ந்தார்கள், சங்கம் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தியது.

ஞாயிறு காலை, குடத்தில் பெயர் எழுதிய ஓலைகளைப் போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிப் பேச ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வந்தார். அகநானூறு 77-ஆம் பாட்டில் தொடங்கினார். போர்க்களத்தில் கழுகு பிணத்தின் குடலை இழுப்பது, பானையின் கட்டை அவிழ்த்து ஓலையை எடுப்பது போல இருக்கிறதாம். தேர்தலுக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை எந்தக் கவிஞரும் கொடுத்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் கல்வெட்டை வெட்டிய சோழன் முதலாம் பராந்தகன் காலத்துக்கு வந்தார். ஊருக்கு முப்பது குடும்பு, அதாவது வார்டு. வேலைக்கு வாரியம் என்ற குழுக்கள்: ஆண்டு வேலைக்குச் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம். விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டுக் குடத்திலிருந்து ஓலை எடுக்கச் சொல்வார்களாம். நடுவரான மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். உள்ளங்கையில் வேறு ஓலை ஒளித்துவைக்கிற ஆட்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள், வேறென்ன? "உலகின் முதல் ஜனநாயகம்!" என்று முன்வரிசை கைதட்டியது. பேராசிரியர் தட்டி முடியும்வரை பொறுத்திருந்து, "அது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். நிலமும் வேதப் படிப்பும் இருந்த ஆண்களுக்கு மட்டும்தான்" என்றார். கைதட்டியவர்கள் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்கள்.

மதியம் சங்கத்தின் பொதுக்குழு. சாம்பார் சாதம் தந்த தெம்பில் ஒருவர் எழுந்து, "இந்தத் தடவை நிர்வாகிகளைக் குடவோலையில் எடுத்தால் என்ன?" என்றார். வேதத்தை மட்டும் விட்டுவிட்டு, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின் மற்ற தகுதிகளைப் பேராசிரியரே ஒவ்வொன்றாகச் சொன்னார். வயது 35-க்கு மேல், 70-க்குள். அங்கேயே தலைவரும் துணைத்தலைவர்களும் போனார்கள். சொந்த மனையில் சொந்த வீடு. அடுக்குமாடிக்காரர்கள் எங்கள் பங்கும் மனைதானே என்று வாதாடித் தோற்றார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், அதாவது ஒன்றரை ஏக்கருக்கும் மேல். ஆசிரியர்கள் மொத்தமும் அவுட். கடந்த மூன்று ஆண்டுகளில் பொறுப்பில் இருந்திருக்கக் கூடாது என்றதும் செயலாளர், "கல்வெட்டு சிதைந்திருக்கலாம்" என்றார்.

அடுத்ததுதான் பெரிய அடி. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய சித்தி, பெரியம்மா, அத்தை, மாமன் மக்களும், மாமனாரும், மருமகனும், அக்கா தங்கை வீட்டுக்காரரும் ஓலைக்கே ஆக மாட்டார்கள். அரங்கமே திரும்பிப் பொருளாளரைப் பார்த்தது. பொருளாளர் தன் மச்சானைப் பார்த்தார். மச்சான் பெரியம்மா மகனைப் பார்த்தார். எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் ஒரே வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் இருப்பவர்கள். "இந்தப் பேச்சாளரைக் கூப்பிட்டது யாரு?" என்று ஒரு குரல் கேட்டது.

கடைசியில் எல்லாத் தகுதியும் உள்ளவர் ஒருவர்தான் தேறினார். மைக் செட்காரர். வயது 42, ஓட்டு வீடு, இரண்டு ஏக்கர் நஞ்சை. போன மாதம்தான் யாரோ சந்தா வாங்கி அவரை உறுப்பினராக்கியிருந்தார்கள். எவர்சில்வர் குடத்தில் ஒரே ஒரு சீட்டைப் போட்டு, டீ கொண்டுவந்த பையனை எடுக்கச் சொன்னோம். பேராசிரியர் விரலை விரித்து வாங்கிப் படித்தார்.

மைக் செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டே வந்து பையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்தார்.

"பதவியெல்லாம் அப்புறம் சார். பொங்கல் விழா வாடகை பாக்கி இருக்கு, அந்தக் கணக்கை முதல்ல முடிங்க."